நக்காத நாய் ஒன்று

கப்பலில் இருந்து
2025 ஜூன் 3

அன்பின் நிறஞ்சலா,

நான் உம்மைக் கதைக்க விடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர். "நாய் விசயத்தை இனிப் போனில கதைக்க மாட்டன். எழுதுங்கோ. நான் எழுதிறதையும் கடைசி வரி வரைக்கும் வாசியுங்கோ. வாசிச்சு ஒரு டியூட்டி முடிஞ்ச பிறகுதான் பதில் போடவேணும்." இது உம்முடைய சட்டம். புருசன் எஞ்சினியராகக் கப்பலில் இருந்தால் மனைவி சட்டம் போடலாம் என்று எங்கும் இல்லை. ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன். கப்பல் நெட்டும் எழுத்தை மட்டும்தான் ஒழுங்காகக் கொண்டுபோகிறது. கதைத்தால் பாதி வசனம் கடலில் விழுகிறது.

விசயத்துக்கு வருகிறேன். கள்ளன் வந்து தண்ணி மோட்டரைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். பின்கதவையும் நெம்பிப் பார்த்திருக்கிறான். நீர் தனிய உள்ளே படுத்திருந்திருக்கிறீர். நீர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெயினை நிற்பாட்டிவிட்டு, வயரை ஒரே வெட்டாக வெட்டி, வெட்டின நுனிக்கு டேப்பும் சுற்றிவிட்டுப் போயிருக்கிறான். வேலை தெரிந்தவன். எனக்கு அதுதான் பயம். வேலை தெரியாத கள்ளன் என்றால் கறன்ட் அடித்து ஓடியிருப்பான்.

தாழ்வுபாட்டுக்குப் போய் உம்முடைய அம்மாவோடு இரும் என்றேன். மாட்டேன் என்கிறீர். முன் அறையில் தையல் மெசின்கள் நிற்கின்றன, கோயிலில் முதல் நன்மை எடுக்கிற பிள்ளைகளுக்கு நீர் தைக்கும் வெள்ளைச் சட்டைகளும் பக்கத்து வீட்டு உம்மு ஸல்மா அக்கா தைக்கும் கறுப்பு அபாயாக்களும் தொங்குகின்றன, இரண்டு பேரும் சேர்ந்து பிடித்த ஓடரை விட்டுவிட்டு வர ஏலாது என்கிறீர். சரி. அப்படியென்றால் நாய் வேண்டும். பெரிய நாய்.

என்னோடு டெக்னிக்கல் கொலிஜில் படித்த றெனால்ட் வவுனியாவில் நாய் வளர்க்கிறான். குட்டி வேண்டாம் என்றேன். குட்டியைக் காவல் காக்க இன்னொரு நாய் வாங்க வேண்டிவரும். வளர்ந்து, பழக்கி முடித்த இரண்டு அவனிடம் நிற்கின்றன. சீசர் என்று ஒரு லப்ரடோர். ஆண், வெளிர் மஞ்சள். ஷீபா என்று ஒரு அல்சேஷன். பெண், முதுகு கறுப்பு.

அல்சேஷனுக்குக் காது நிமிர்ந்து நிற்கும், சத்தம் எந்தப் பக்கம் என்று உடனே பிடிக்கும். ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை. கண்டவனோடு சேராது. குறை என்றால் மயிர். இரண்டு அடுக்கு. மன்னார் வெயிலுக்கு நிழல் வேண்டும், கொட்டவும் செய்யும். லப்ரடோர் எதை ஊற்றினாலும் ஓடுகிற பழைய டீசல் எஞ்சின் மாதிரி. போட்டதையும் தின்னும், போடாததையும் தின்னும். எல்லாரும் அதற்குச் சிநேகிதம். கள்ளன் வந்தால் டோர்ச்சைக் கவ்விக்கொண்டு போய் அவன் கையிலேயே கொடுக்கும்.

என் முடிவு அல்சேஷன். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதும். "எனக்கு விருப்பமில்லை" என்பது காரணம் இல்லை.

றொசாந்தன்


தாராபுரம் றோட்டு
2025 ஜூன் 7

அன்புள்ள றொசான்,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. இரண்டாம் தரம் கள்ளன் டோர்ச் வாங்குகிற இடத்தில் சிரிப்பு வந்தது. அதனால்தான் இந்தப் பதில்.

விருப்பமில்லை என்பது காரணம் இல்லையா? எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்த அன்று அப்பா உங்களிடம் என்ன காரணம் என்று கேட்டபோது, "எனக்கு இவவை விருப்பம்" எண்டு மட்டும்தானே சொன்னனீங்கள்? வேறு ஒரு சொல் உங்கள் வாயில் வரவில்லை. அன்றைக்கு அது போதுமான காரணமாக இருந்தது.

இங்கே சோழகக் காற்றுத் தொடங்கிவிட்டது. முன்கதவால் மண் வந்து வெள்ளைச் சட்டைகளில் இருக்கிறது, இரண்டு பேரும் தைக்கிறதை விட உதறுகிறதுதான் கூட. வாசல் படலைக் கொளுக்கியை மூக்கால் தூக்கிவிட ஒரு கழுதை பழகிவிட்டது. ஸல்மா அக்கா அதற்கு "இன்ஸ்பெக்டர்" என்று பெயர் வைத்திருக்கிறா.

நாய் பற்றி அவவிடம் சொன்னேன். மெசினை நிற்பாட்டினா.

"பெரிய நாயோ?"

"ஓம் அக்கா."

"எம்புட்டுப் பெரிசு?"

நான் மேசை உயரத்தைக் கையால் காட்டினேன்.

"அப்ப கதிரையப் போட்டுக் குடுத்தா பொத்தானுக்குக் காஜா எடுக்கப் பழகிரும்" எண்டுபோட்டுத் திரும்ப மெசினை மிதிச்சா. அதற்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் கதையில்லை. ஸல்மா அக்கா அவ்வளவு நேரம் வாய் மூடி இருந்தால், காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கவேண்டும்.

எனக்கு நாய்களோடு கோபமில்லை. அவ இந்த வாசலுக்கு வராமல் விட்டுவிடுவாவோ என்றுதான் பயம். ஏன் வரமாட்டா என்று உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. தாராபுரத்து முஸ்லிம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து படித்த ஆள் நீங்கள். அவ வராவிட்டால் எனக்கு இந்த வீட்டில் இருக்க ஏலாது. அதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

மயிர் விசயமும் இருக்கிறது. கறுப்பு நாய் என்றால் முதல் நன்மைச் சட்டையில் தெரியும். மஞ்சள் நாய் என்றால் அபாயாவில் தெரியும். இரண்டு நிறமும் இல்லாத நாய் இருந்தால் சொல்லுங்கோ. இல்லாவிட்டால் பின்பக்கம் ஒரு பெரிய லைட் போட்டு, மதிலில் இன்னும் இரண்டு வரி கல் வையுங்கோ. நாய் வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

நிறஞ்சலா


கப்பலில் இருந்து
2025 ஜூன் 9

அன்பின் நிறஞ்சலா,

டியூட்டி முடித்துக் குளித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சட்டத்தை மீறவில்லை.

லைட் சரிவராது. மெயினை நிற்பாட்டத் தெரிந்த கள்ளனுக்கு லைட் போடுவது வீண். மதில் என்றால் ஏறுவான்.

ஆனால் உம்முடைய கடிதத்தில் ஒரு உண்மையான காரணம் இருக்கிறது. ஸல்மா அக்காவுக்கு நாய்ப் பயம். எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் ஸப்ராஸ் என்று ஒருவன். பந்தடிக்கப் போனால் அவன்தான் எங்களுக்குள்ளே முரடன். ஆனால் றோட்டு நாய் ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு கிட்ட வந்தால் மதிலில் ஏறி நிற்பான். நாங்கள் கீழே நின்று சிரிப்போம்.

ஆகவே முடிவை மாற்றுகிறேன். லப்ரடோர். சீசர் கடிக்காது, உறுமாது, குழந்தை மாதிரி. ஸல்மா அக்காவின் காலடியில் வந்து படுக்கும். ஒரு கிழமையில் அவவே சோறு வைப்பா. கள்ளனுக்கு அது நல்ல நாய் என்று தெரியாது. உடம்பு பெரிது, குரல் பெரிது. இருட்டில் அது போதும்.

றெனால்டுக்குச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொண்டுவருவான். நாய் எனக்கு வேண்டியது, குணம் உம்முடைய சிநேகிதிக்கு வேண்டியது. நான் காது கொடுப்பதில்லை என்று இனிச் சொல்ல வேண்டாம்.

றொசாந்தன்


தாராபுரம் றோட்டு
2025 ஜூன் 28

அன்புள்ள றொசான்,

சீசர் வந்து இரண்டு கிழமை. முதலில் அதன் நல்லதை எழுதுகிறேன், அது பாவம்.

நான் எழும்பினால் எழும்பும், இருந்தால் இருக்கும். குசினிக்குள் போய் அப்பளக் கட்டைப் பையோடு தின்றது. கழுதை வந்தபோது ஓடிப்போனது. கலைக்கப் போகிறது என்று நினைத்தேன், பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. வாயில் ஏதாவது கவ்விக்கொண்டு திரியாவிட்டால் அதற்குப் பொழுது போகாது. செருப்பு, அளவு நாடா, நூல் கட்டை. ஒன்றையும் கடித்துச் சேதப்படுத்தாது. கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கும்.

ஸல்மா அக்கா வரும் நேரம் நான் அதைப் பின்னால் கட்டிவிடுவேன். அவவும் சமாளித்தா. உள்ளே வந்தவுடன் "உம்மட மாப்பிள்ளையட ஆள் எங்க?" எண்டு கேட்டுவிட்டுத்தான் கதிரையில் இருப்பா.

புதன்கிழமை சங்கிலி கழன்றுவிட்டது. சீசர் முன் அறைக்குள் வந்து, மடித்து அடுக்கியிருந்த அபாயா ஒன்றை எடுத்து, ஒரு நூலும் பிரியாமல் கொண்டுபோய் அவவின் மடியில் வைத்தது. வைத்துவிட்டு இரண்டு கையையும் நக்கியது.

அவ சத்தம் போடவில்லை. எழும்பினா. "ஒண்டுமில்ல புள்ள, அதுக்கு என்ன தெரியும்" எண்டா. கிணற்றடிக்குப் போய் மண்ணை அள்ளிக் கையில் தேய்த்துக் கழுவினா. பிறகும் கழுவினா. பிறகும். நான் உள்ளே நின்று வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அபாயாவையும் தோய்க்க என்று எடுத்துக்கொண்டு போனா. அடுத்த நாள் அவவின் மனிசன் ஹமீட் நானா வந்து, "அவ கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே தைக்கட்டும் மகள்" என்று சொல்லி அவவின் மெசினைத் தூக்கிக்கொண்டு போனார். முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்த மனிசனுக்கும் கஷ்டமாக இருந்தது.

றொசான், அவவுக்கு நாய்ப் பயம் என்று யார் சொன்னது? பயமே இல்லை. நாயின் வாயீரம் பட்டால் அவர்களுக்கு நஜீஸ், அசுத்தம். ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. கழுவாமல் தொழ ஏலாது. உங்கள் ஸப்ராஸ் மதிலில் ஏறியது கடிக்கும் என்று இல்லை. நக்கும் என்று. நீங்கள் கீழே நின்று சிரித்திருக்கிறீர்கள், ஒரு நாளும் கேட்கவில்லை. நான் உங்களுக்குத் தெரியும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

கடிக்காத நாய் என்று தேடி, நக்குகிற நாயை அனுப்பியிருக்கிறீர்கள்.

நிறஞ்சலா


கப்பலில் இருந்து
2025 ஜூன் 28

நிறஞ்சலா,

டியூட்டி தொடங்க முதலே எழுதுகிறேன். சட்டம் பிறகு.

கழுவினா தானே? தண்ணி இருக்கிறது, மண் இருக்கிறது, கழுவினா, முடிந்தது. அதற்குப் பிறகும் வராமல் இருப்பது அவவின் விருப்பம். சங்கிலிக் கொளுக்கியை மாற்றும், ஸ்க்ரூ போட்ட கொளுக்கி ஹாட்வெயாரில் இருக்கும், அது கழலாது. பிழை கொளுக்கியில். நாயில் இல்லை.

ஸல்மா அக்கா பகலில் வருகிறவ. கள்ளன் இரவில் வருகிறவன். நான் நடுக்கடலில் நின்றுகொண்டு எதைப் பார்க்க? சட்டை தைக்க வேறு ஆள் கிடைக்கும். நாய் நிற்கட்டும்.

றொசாந்தன்


கப்பலில் இருந்து
2025 ஜூலை 12

அன்பின் நிறஞ்சலா,

பதில் இல்லை. போனை எடுத்து "இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைக்கிறீர். உம்முடைய சட்டத்தில் பதிலே போடாமல் விடலாம் என்று ஒரு பிரிவு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எஞ்சினில் பிழை என்றால் மணி அடிக்கும், எந்த இடம் என்று போர்டில் லைட் எரியும். நான் போய்ப் பார்ப்பேன். உமக்கு அப்படி ஒரு போர்ட் இல்லை. எனக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

போன கடிதம் கோபத்தில் எழுதியது. கொளுக்கி பற்றி எழுதியது மட்டும் சரி.

சாப்பிட்டீரா என்று மட்டுமாவது எழுதும்.

றொசாந்தன்


தாராபுரம் றோட்டு
2025 ஜூலை 15

அன்புள்ள றொசான்,

சாப்பிட்டேன்.

ஸல்மா அக்கா பகலில் வருகிறவ என்று எழுதியிருந்தீர்கள். அது பிழை. மோட்டர் களவு போன அன்றைக்கிருந்து அவ இரவிலும் வந்தவ.

நான் உங்களுக்குச் சொல்லவில்லை. "எங்கட வீட்டுக்குக் காவலா ஊராரைக் கூப்பிட்டு என்ர மானத்தை வாங்காதையும்" எண்டு களவு போன அன்று போனில் சத்தம் போட்டனீங்கள். நான் கூப்பிடவும் இல்லை. இருட்டினவுடன் ஹமீட் நானாவே டோர்ச் அடித்து அவவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தனியப் பொம்புளப் புள்ள கிடக்குது. இவ இஞ்ச படுக்கட்டும். என்ர சோத்த நான் போட்டுத் தின்னுவன்" எண்டார். "இத்தன வருசத்துக்குப் பிறகுதான் அந்த மனிசனுக்குச் சட்டி எங்க இருக்கெண்டு தெரியப்போகுது" எண்டு அவ சிரிச்சா. அன்றைக்குக் காலையில் இருந்து நான் சாப்பிடவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் சோறு போட்டேன்.

முன் அறையில் மெசின்களுக்கு நடுவில் பாயைப் போட்டுப் படுப்பா. குறட்டை உங்கள் எஞ்சினை விடச் சத்தம். விடியப்புறம் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி அந்த இடத்திலேயே தொழுவா. நான் உள் அறையில் மாதா படத்துக்கு முன்னால் செபம் சொல்லுவேன். பிறகு இரண்டு பேரும் ஒரே கேத்தலில் தேத்தண்ணி குடித்துவிட்டு மெசினில் இருப்போம். நீங்கள் கப்பல் ஏறின பிறகு நான் ஒழுங்காக நித்திரை கொண்டது அந்த நாட்களில்தான்.

சீசர் வந்த பிறகும் இரண்டு கிழமை சமாளித்தா. தன் வீட்டிலிருந்து ஒரு பெரிய சீலை கொண்டுவந்து, அதை விரித்து, அதற்கு மேல் பாயைப் போட்டா. புதன்கிழமைக்குப் பிறகு ஏலாமல் போய்விட்டது. அது நக்கித் திரிகிற தரையில் எப்படித் தொழுகிறது?

இப்போது நான் தையல் மெசினை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்துவிட்டுப் படுக்கிறேன். சீசர் கட்டிலுக்குக் கீழே. வெளியில் ஏதும் சத்தம் கேட்டால் அது என்னைப் பார்க்கிறது. நான் அதைப் பார்க்கிறேன்.

காவலுக்கு என்று நாயைக் கொண்டுவந்து, இருந்த காவலை அனுப்பிவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை றெனால்டை வரச் சொல்லியிருக்கிறேன், சீசரைக் கொண்டுபோகட்டும். உங்களிடம் கேட்கவில்லை. சொல்கிறேன்.

நிறஞ்சலா


கப்பலில் இருந்து
2025 ஜூலை 18

அன்பின் நிறஞ்சலா,

ஒரு டியூட்டி இல்லை. சில டியூட்டிகள் போய்விட்டன. நாலு தரம் எழுதி அழித்தேன்.

சீசரை அனுப்பும். நீர் செய்தது சரி.

மானம் என்று நான் சத்தம் போட்டது பிழை. அந்த மானத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு நான் இங்கே நித்திரை கொண்டேன். நீர் மெசினை இழுத்துக் கதவுக்கு வைத்திருக்கிறீர்.

எங்கள் கப்பலில் எலக்ட்றீசியன் அஸாம், முசலிப் பக்கத்து ஆள். அவனிடம் முழுவதையும் சொன்னேன். தலையில் கையை வைத்தான்.

"மச்சான், நாய் வளவில நிக்கிறது வேற, வாய் படுறது வேற. எங்கட மாமா மாட்டுப் பட்டிக்கு நாய் வச்சிருக்கார். காவலுக்கெண்டா வைக்கலாம். அது வீட்டுக்குள்ள வராது, அம்புட்டுத்தான். அதுசரி, நீ லப்ரடோரயா அனுப்பினாய்?"

"ஓம்."

"நக்கிறதுக்கெண்டே செஞ்ச நாயடா அது."

சரியாகத்தான் சொல்கிறான். போய் வாசித்துப் பார்த்தேன். லப்ரடோரை உண்டாக்கியதே வேட்டைக்காரன் சுட்ட பறவையைச் சேதமில்லாமல் கவ்விக்கொண்டு வந்து கையில் கொடுக்கத்தான். அபாயாவைக் கொண்டுவந்து ஸல்மா அக்காவின் மடியில் வைத்தபோது அது தன்னுடைய வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. அதற்கு வாய்தான் கை. அல்சேஷன் வேறு. வேலியில்லாத வயலில் ஆடுகள் மேயும்போது ஓரத்தால் நடந்து நடந்து ஆட்டை எல்லை தாண்டவிடாமல் பார்க்க வளர்த்த இனம். ஒரு கோட்டைக் காட்டிப் பழக்கினால் அதைத் தானே காக்கும். நான் பற்களையும் எடையையும் வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஈரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது என் யோசனை ஷீபா. நாய்க் கூடு பின்பக்கம், மோட்டர் இருந்த இடத்தில். சோழகம் முன்பக்கத்தால் அடிக்கிறபடியால் மயிர் வீட்டுக்குள் வராது, பின்மதிலுக்குப் போகும். வாடை தொடங்கினால் காற்றுத் திரும்பும், கூட்டையும் மாற்ற வேண்டும். அதற்கிடையில் நான் வந்துவிடுவேன். நாய்க்குத் தனிப் பைப், தனிச் சட்டி. நடுவில் கம்பி வேலி. வீட்டுக்குள் ஒரு நாளும் இல்லை.

ஆனால் இந்த முறை நான் முடிவெடுக்கவில்லை. இதை ஸல்மா அக்காவுக்கு வாசித்துக் காட்டும்:

அக்கா, நான் றொசாந்தன். நீங்கள் நிறஞ்சலாவோடு வந்து படுத்தது எனக்கு இப்போதுதான் தெரியும். நன்றி சொல்ல எனக்கு ஒழுங்காக வராது. வளவுக்குள் நடந்து பார்த்து, நாய் எதுவரைக்கும் வரலாம் என்று கோடு போடுங்கோ. நீங்கள் போடுகிற கோட்டில் வேலி வரும். வேண்டாம் என்றால் நாய் இல்லை. நான் வேறு வழி பார்க்கிறேன். நீங்கள் வராத வீட்டில் அவ இருக்க மாட்டா.

றொசாந்தன்


தாராபுரம் றோட்டு
2025 ஓகஸ்ட் 22

அன்புள்ள றொசான்,

வாசித்துக் காட்டினேன். அவவின் வீட்டு வாசலில் நின்றுதான் வாசித்தேன். கடைசி வரி வந்தவுடன் போனை அவவிடம் நீட்டினேன், அவ தானே வாசித்தா.

"உம்மட மாப்பிள்ளைக்குக் கதைக்கத் தெரியுமெண்டு நீ சொல்லவேயில்லயே புள்ள."

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும் அக்கா."

"எனக்கு நாயோட என்ன பகை? அதுவும் அல்லாஹ்ட படைப்புத்தான். எண்ட தொழுகைக்கு மட்டும் வழி விட்டாச் சரி." செருப்பைப் போட்டுக்கொண்டு உடனேயே வந்துவிட்டா. ஹமீட் நானா பின்னால் கல் தூக்கிக்கொண்டு வந்தார். அவ காலால் காட்டிய இடமெல்லாம் அவர் கல் வைத்தார். "கிணத்தடி எனக்கு. கொடி கட்டுற இடம் எனக்கு. முருங்கை மரம் பொதுவா இருக்கட்டும், அதில ஆரும் தொழப்போறதில்ல. அங்கால முழுக்க நாய்க்கு." றெனால்ட் வந்து அந்தக் கல் வரிசையில் கம்பி அடித்தான். உங்கள் யோசனையில் இருந்ததை விட நாய்க்கு இரண்டு மடங்கு இடம் கிடைத்திருக்கிறது. நீங்கள் கேட்டிருந்தால் நான் இவ்வளவு கொடுத்திருக்க மாட்டேன்.

றெனால்ட் ஷீபாவைக் கழுத்துப் பட்டியில் பிடித்து ஒரு கிழமை காலையும் பின்னேரமும் வேலி ஓரத்தால் நடத்தினான். இப்போது அது தானாகவே நடக்கிறது. கம்பிக் கதவைத் திறந்துவிட்டாலும் தாண்டாது. நான் சோறு வைத்தால் நான் விலகிப் போகும்வரை நிற்கும், பிறகுதான் தின்னும். ஒரு நாளும் என் கையை நக்கியதில்லை. எனக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருக்கிறது, சீசர் எவ்வளவு சொந்தம் கொண்டாடும்.

ஸல்மா அக்கா மெசினோடு திரும்பி வந்த அன்று ஷீபா வேலிக்குள் எழும்பி நின்று பார்த்தது. குரைக்கவில்லை. அவவும் நின்று பார்த்தா. நான் "இரு" எண்டன். இருந்தது.

"ஆருக்கம்மா சொன்னாய், எனக்கா நாய்க்கா?" எண்டு கேட்டுவிட்டுக் கதிரையில் போய் இருந்தா.

இப்போது அவ மீன் வெட்டினால் தலையெல்லாம் இடுக்கியால் பிடித்து வேலிக்கு மேலால் போடுகிறா. இடுக்கியில் நாயின் வாய் படவில்லைத்தானே என்று பார்த்துக் கழுவி வைக்கிறா. ஷீபா அவவின் செருப்புச் சத்தத்துக்கே வாலை ஆட்டுகிறது. எனக்கு ஆட்டுவதில்லை.

"இனி நாய் நிக்குது, நீங்கள் வீட்டில படுக்கலாம் அக்கா" எண்டு சொல்லிப் பார்த்தேன்.

"ஏன், நாய்க்கு மட்டும்தான் இஞ்ச இடமோ?" எண்டா. அன்றைக்குப் பின்னேரமும் பாய் வந்தது. நேற்று நான் ஒரு தரம் கூட முழிக்கவில்லை.

ஒரு குறை இருக்கிறது. ஷீபா தெரியாத ஆள் ஒருவரையும் விடாது. பகலில் நான் அதைப் படலை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனால், அங்கே நின்றுவிடும். மீட்டர் பார்க்க வந்தவர் றோட்டில் நின்று "நம்பரை வாசியுங்கோ தங்கச்சி" எண்டு கத்தினார். பங்குத் தந்தை வீடு சந்திக்க வந்து, ஆசீரைப் படலைக்கு வெளியில் நின்றே தந்துவிட்டுப் போனார். போன ஞாயிறு நான் முற்றத்தில் நின்று உங்களோடு கதைத்தபோது, போனில் உங்கள் குரலைக் கேட்டுவிட்டு உறுமியது.

நிறஞ்சலா


கப்பலில் இருந்து
2025 செப்டெம்பர் 3

அன்பின் நிறஞ்சலா,

உறுமியது என்பதை நீர் பகிடியாக எழுதியிருக்கிறீர். நான் யோசித்தேன். ஒக்டோபரில் நான் வந்து படலையில் நிற்பேன், பெட்டியோடு. அதற்கு நான் யார்? மீட்டர் பார்க்கிற ஆளை அதற்கு என்னை விடக் கூடத் தெரியும்.

குரலை நம்பாது. படம் அதற்கு விளங்காது. நாய்க்கு ஆளென்றால் மணம். ஆகவே அதற்கு வழி செய்திருக்கிறேன்.

அஸாம் இந்த முறை கொழும்பில் இறங்குகிறான். அவனிடம் ஒரு பை தந்துவிட்டிருக்கிறேன். முசலிக்குப் போகிற வழியில் மன்னார் இல்லை என்று புறுபுறுத்தான். ஆனாலும் கொண்டுவருவான். அதற்குள் என்னுடைய சட்டை ஒன்று இருக்கிறது. எஞ்சின் ரூமில் போட்டது, தோய்க்கவில்லை. தோய்க்க வேண்டாம். பையின் வாயை இறுக்கிக் கட்டி டேப் சுற்றியிருக்கிறேன். வந்த அன்றே கொண்டுபோய் ஷீபாவின் கூட்டுக்குள் போடும். அதற்கு முதல் திறக்க வேண்டாம், மணம் போய்விடும். ஒவ்வொரு நாளும் அதில் படுத்தால் நான் வரும்போது இது வீட்டு ஆள் என்று அதற்குத் தெரியும்.

என் வீட்டுக்குள் நான் போக ஒரு நாயிடம் அனுமதி கேட்கிறேன். ஸல்மா அக்காவுக்கு இதைச் சொல்ல வேண்டாம். சிரிப்பா.

றொசான்


தாராபுரம் றோட்டு
2025 செப்டெம்பர் 15

அன்புள்ள றொசான்,

அஸாம் இன்றைக்குப் பின்னேரம் வந்து பையைத் தந்துவிட்டுப் போனார். ஷீபா அவரைப் படலையிலேயே நிற்பாட்டியது. நீங்கள் ஒரு சுற்று மெலிந்துவிட்டீர்கள் என்றும், சாப்பாட்டு மேசையிலும் நாயைப் பற்றித்தான் கதை என்றும் சொன்னார்.

ஸல்மா அக்காவுக்குச் சொல்லவில்லை. ஆனால் பையைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டா. நான் பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "சரி சரி, நான் வெள்ளணவே படுக்கிறன்" எண்டு பாயை விரிச்சா.

டேப்பைக் கத்தரிக்கோலால் வெட்டினேன். திறக்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியதை நான் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்தான். டீசலும் வியர்வையும் மணக்கிறது. கொலரில் ஒரு தையல் விட்டிருக்கிறது. அதைத் தைத்துவிட்டேன்.

சட்டையை ஷீபாவுக்கு நாளைக்குக் கொடுக்கிறேன்.

நிறஞ்சலா